வெள்ளிக்கிழமை டெஸ்ட்: பொயட்ரி டெர்ம்ஸ்

எல்லாரும் கவனிக்கவும். டெஃபனிஷனை மட்டும் உருப்போட்டு வராதீர்கள், ஒவ்வொரு டெர்முக்கும் ஒரு கவிதை வரி கையில் இருக்கட்டும். சிமிலி, மெட்டஃபர் எல்லாம் பள்ளியிலேயே பார்த்ததுதான், விடுங்கள். மார்க் போவது மீட்டரில்தான், அதாவது வரியின் தாளக் கட்டில். ஷேக்ஸ்பியரின் 18ஆம் சானெட்டின் (14 வரிக் கவிதை) முதல் வரியை, ‘ஷல் ஐ கம்பேர் தீ டு எ சம்மர்ஸ் டே’, மேசையில் தட்டிக்கொண்டே சத்தமாகப் படித்துப் பாருங்கள்: மொத்தம் 10 சிலபிள் (அசை), லேசாக ஒன்று அழுத்தமாக ஒன்று என்று 5 ஜோடி, அதுதான் அயாம்பிக் பென்டாமீட்டர் (வீட்டில் ஒரு மாதிரி பார்ப்பார்கள், பரவாயில்லை). அப்புறம் பிளாங்க் வெர்ஸையும் ஃப்ரீ வெர்ஸையும் குழப்பாதீர்கள், முதலாவதில் ரைம் (வரிக் கடைசியில் ஒலி ஒத்துவருவது) கிடையாது ஆனால் மீட்டர் உண்டு, இரண்டாவதில் இரண்டுமே கட்டாயமில்லை. நாளை இரவுக்குள் ஆளுக்கொரு வரியை வாய்ஸ் மெசேஜாகப் போடுங்கள். குட் மார்னிங் படம் வேண்டாம்.