இனக்கவர்ச்சிப் பொறி வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

உறவுகளே, வணக்கம். "பொறி வச்சும் புழு குறையலையே" என்று கேட்டவர்களுக்காக இது.

பொறியில் விழுவது ஆண் அந்துப்பூச்சி மட்டும்தான். பெண் பூச்சி விடும் வாசனையை ரப்பர் குப்பியில் ஏற்றி ஆணை ஏமாற்றுகிறோம், அவ்வளவே. ஏற்கெனவே இணை சேர்ந்த பெண் முட்டையிடும். இலையைத் தின்னும் புழு தின்றுகொண்டேதான் இருக்கும். ஆகவே நாலைந்து பொறி என்பது வேவு பார்க்கத்தான். காலையில் பொறியின் பையை அவிழ்த்து, விழுந்த பூச்சிகளை எண்ணி, குறித்து வையுங்கள். எண்ணிக்கை திடீரென ஏறினால் அன்றே இலையைப் புரட்டி முட்டை தேடுங்கள். ஆணை மொத்தமாகப் பிடித்து ஒழிக்க நினைத்தால் பொறிகள் பல மடங்கு வேண்டும்.

லூர், அதாவது அந்த வாசனை ஏற்றிய ரப்பர் குப்பி, பூச்சிக்குப் பூச்சி வேறு. காய்ப்புழு லூருக்குப் படைப்புழு வராது. வரவில்லையென்று பொறியைத் திட்டாதீர்கள்! ஒரு லூரைத் தொட்ட கையால் இன்னொன்றைத் தொட்டால் வாசனை கலந்துவிடும், கையுறை மாற்றுங்கள். பிரிக்காத பாக்கெட் குளிர்பெட்டியில் இருக்கட்டும். மூன்று நான்கு வாரத்தில் லூரை மாற்றும்போது பழையதை வரப்பில் வீசாதீர்கள், மிச்ச வாசனை பூச்சியைப் பொறிக்கு வெளியே இழுக்கும்.

இப்படியொரு வாசனையை முதன்முதலில் 1959இல் பட்டுப்பூச்சியிலிருந்து பிரித்தெடுத்தார் ஜெர்மன் வேதியியலாளர் பியூட்டெனன்ட். சில மில்லிகிராமுக்காக ஏறத்தாழ 5 லட்சம் பட்டுப்பூச்சிகள் தேவைப்பட்டனவாம்! நமக்கு ரப்பர் குப்பியில் வந்துவிடுகிறது.

எண்ணிக்கையைப் பயிர் பெயரோடு இங்கே பதிவிடுங்கள். படம் மட்டும் அனுப்பினால் எந்தப் பூச்சி என்று சொல்வது கஷ்டம்.