இங்கிலாந்தின் பிராட்ஃபோர்டில் இருக்கும் மகளுக்கு

அன்பு மகளுக்கு,

நீ வாடகைக்கு இருக்கும் வீட்டுக்குக் கீழேயே ஒரு பாகிஸ்தான் – இந்தியச் சாப்பாட்டுக் கடை இருக்கிறதாம். தனியாகப் போய் உட்காரக் கூச்சப்பட்டு, இரவில் பாணும் முட்டையும் தின்கிறாயாம். அம்மா சொன்னாள். பிராட்ஃபோர்டுக்குப் போய்ப் பாண் தின்கிற ஆள் நீயாகத்தான் இருப்பாய்.

அந்த ஊரில் இந்தக் கடைகள் முதலில் திறந்ததே தனியாட்களுக்காகத்தான். 1950களிலும் 60களிலும் கம்பளி ஆலைகளில் இரவு வேலைக்கு வந்தவர்கள், பெண்டாட்டி பிள்ளைகளை ஊரில் விட்டுவிட்டு ஓர் அறையில் நாலைந்து பேராகப் படுத்தவர்கள். பாகிஸ்தான் வசமுள்ள காஷ்மீரின் மீர்ப்பூர்ப் பக்கத்தவர்கள்தான் அதிகம். 1967இல் கட்டி முடித்த மங்ளா அணைக்காக அங்கே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் வீடு வாசலை இழந்தார்கள். அவர்களிலும் பலர் அந்த ஆலைகளுக்கே வந்து சேர்ந்தார்கள். வேலை விட்டுப் பசியோடு வந்தவனுக்கு ரொட்டியும் கறியும் போட்ட கடைகள் அவை. கேட்டால்தான் கரண்டி தருகிற கடைகள் அங்கே இன்றும் உண்டு. கையால் சாப்பிட உனக்கு நான் சொல்லித்தர வேண்டுமா?

நான் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை பார்த்த காலத்தில், லண்டன் டூட்டிங்கில் விடிய விடியத் திறந்திருந்த பாகிஸ்தானியர் கடை ஒன்றில்தான் இதெல்லாம் கற்றேன். ஆகவே அனுபவஸ்தன் சொல்கிறேன், கேள்.

முதலில் கராஹி, இரும்புச் சட்டியில் சமைக்கிற இறைச்சிக் கறி. அரைக் கிலோ, ஒரு கிலோ என்று நிறுத்து விற்பார்கள். தனியாளுக்கு அரைக் கிலோவே கூட. மிச்சத்தைக் கட்டித் தருவார்கள். எலும்போடு ஆட்டிறைச்சி என்று சொல். நீ சொன்ன பிறகுதான் சட்டியை அடுப்பில் ஏற்றுவார்கள், நன்றாகக் காத்திருக்க வேண்டும். ஐந்து நிமிடத்தில் வந்துவிட்டால், குசினியில் கிடந்த குழம்பை இரும்புச் சட்டிக்கு மாற்றிக் கொண்டுவந்திருக்கிறார்கள். அந்தக் கடைக்கு மறுபடி போகாதே. பாகிஸ்தானின் பெஷாவர் நகரத்துப் பக்குவத்தில் கொழுப்பு, தக்காளி, பச்சை மிளகாய், உப்பு, அவ்வளவுதான். வெங்காயமே கிடையாது! அம்மாவிடம் சொன்னேன், வெங்காயம் வதக்காமல் இறைச்சிக் கறியா என்று இன்றுவரை நம்பவில்லை.

சோறு தேடாதே. தந்தூர் அடுப்பில் சுட்ட ரொட்டியைக் கேள். ‘நான்’ என்கிற மைதா ரொட்டியை விட அதுதான் வயிற்றுக்கு இதம்.

வார இறுதியில் நிஹாரி போடுவார்கள். கால் தசையை எலும்போடு இரவு முழுக்க மெல்லிய நெருப்பில் விட்டு எடுப்பது. மாட்டிறைச்சியா ஆட்டிறைச்சியா என்று முதலில் விசாரித்துக்கொள். மேலே இஞ்சிக் கீற்று, பச்சை மிளகாய், எலுமிச்சம் புளி. பழைய டெல்லியின் சாப்பாடு அது. 1947இல் இந்தியா – பாகிஸ்தான் பிரிவினையின்போது அங்கிருந்து போன முஸ்லிம் குடும்பங்களோடு கராச்சியில் குடியேறியது. அதே பிரிவினையில் பெஷாவரிலிருந்து அகதியாக ஓடிவந்த பஞ்சாபிகள் டெல்லி தரியாகஞ்சில் மோத்தி மஹால் என்ற கடையைத் திறந்து தந்தூரிக் கோழியை அந்த நகரத்துக்குப் பழக்கினார்கள். பட்டர் சிக்கனைக் கண்டுபிடித்தவர் யார் என்று அந்தக் கடைப் பங்குதாரர்களின் வாரிசுகள் 2024இல் டெல்லி உயர் நீதிமன்றம் வரை போய்விட்டார்கள். ஊரை விட்டு வந்தவர்கள் காணிக்குச் சண்டை போட்டுப் பார்த்திருக்கிறேன், குழம்புக்குமா! இரண்டு நாட்டுப் பெயரையும் ஒரே பலகையில் எழுதியிருப்பது வியாபாரத் தந்திரம் என்று நீ சிரித்தாயே, இதற்காகத்தான் சொல்கிறேன். அதில் பொய் இல்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் போகாதே, தொழுகைக்காகப் பூட்டியிருக்கலாம். நோன்பு மாதத்தில் பொழுதுபட்டதும் கதிரை கிடைக்காது. பெரும்பாலான கடைகளில் மது கிடையாது, கேட்டு அவர்களைச் சங்கடப்படுத்தாதே. எதை எடுப்பது என்று தெரியாவிட்டால், இன்றைக்கு நீங்கள் என்ன சாப்பிட்டீர்கள் என்று பரிமாறுகிறவரிடமே கேள். பெரும்பாலும் பட்டியலில் இல்லாத ஒன்றைச் சொல்வார். அதையே எடு.

கந்தசஷ்டி முடிந்ததும் நாங்கள் வருகிறோம். அம்மா விரதம் முடித்த அடுத்த நாளுக்கு ஒரு கிலோ கராஹி சொல்லிவை. காசு நான்தான் கொடுப்பேன், கடையில் வைத்து வாக்குவாதம் வேண்டாம்.

அன்புடன்,
அப்பா