பனங்கட்டியும் உன் பல்முரசும்

திருநெல்வேலி,
யாழ்ப்பாணம்.

அன்பின் குகனுக்கு,

நான் நலம். வீட்டில் எல்லோரையும் கேட்டதாகச் சொல். பங்குனிக்குப் பிறகு ஒரு வரிகூட எழுதவில்லை, பிழை என்னுடையதுதான். கோபத்தை நேரில் கண்டு தீர்த்துக்கொள்.

சென்ற செவ்வாய்க்கிழமை என் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கிவிட்டார்கள். சீனியைத் தொட்டு மூன்று வருடமாகிறது, எனக்கு எப்படிச் சூத்தை வரும் என்று பல் வைத்தியரோடு வாதாடினேன். தேநீருக்கு என்ன கடிக்கிறீர்கள் என்று கேட்டார். பனங்கட்டி என்றேன். கடையில் இருந்தால் ஒரு கடி, ஒரு மிடறு என்று அரை மணி நேரம் இழுப்பேன், உனக்குத் தெரியாததா? அப்படி நாளுக்கு ஆறு தரம். பனங்கட்டியிலும் பெரும்பங்கு சீனியில் இருக்கிற அதே சுக்குரோசுதான், பல்லில் படிந்திருக்கும் கிருமிக்கு இரண்டும் ஒன்று என்றார் அந்தப் பிள்ளை. இனிப்புப் பட்ட சில நிமிடங்களில் கிருமி அதை அமிலமாக்குகிறது. அமிலம் கூடக் கூட இறங்கும் பீஎச் அளவு ஏறத்தாழ 5.5க்குக் கீழே போனால் பல்லின் மேற்பூச்சு கரையத் தொடங்கும். உமிழ்நீர் அதை மீட்டெடுக்க அரை மணி நேரமாவது வேண்டும். அந்த அவகாசத்தை நான் என் பல்லுக்குக் கொடுக்கவே இல்லை. ஒரு துண்டைச் சாப்பாட்டோடு தின்று முடித்திருந்தால் இவ்வளவு கேடு வந்திராது. பனையைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, நேரம் கெட்ட நேரமெல்லாம் கடித்ததுதான் வினை.

நான் எழுத உட்கார்ந்தது உன்னை நினைத்துத்தான். பல் விளக்கினால் முரசில் இரத்தம் வருகிறது, சூடுதான், நெல்லிரசம் குடிக்கிறேன் என்று போன முறை சொன்னாய். குகன், உனக்கு நீரிழிவு. அந்தப் போத்தலில் இருப்பது நெல்லிப்புளிப்பும் சீனிப்பாகும். நீரிழிவு கட்டுப்பாட்டில் இல்லாவிட்டால் முரசு நோய் எளிதில் முற்றும். முற்றிய முரசு நோய் இரத்தத்துச் சீனியைக் கட்டுப்படவிடாது. ஒன்று மற்றதை வளர்க்கும். பல்லைத் தாங்கும் எலும்பு கரைந்தாலும் பெரும்பாலும் வலி இருக்காதாம். வலிக்கவில்லை என்று நீ சொன்னது அன்றிலிருந்து என் காதிலேயே நிற்கிறது.

சனிக்கிழமை வவுனியா பஸ் ஏறுகிறேன். திங்கட்கிழமை காலையில் இருவருமாகப் பல் வைத்தியரிடம் போகிறோம், சாட்டுச் சொல்லாதே. டொபி டப்பாவையும் ஒளிக்காதே. அது எங்கே இருக்கும் என்று சாந்தி ஏற்கெனவே சொல்லிவிட்டாள்.

அன்புடன்,
சிவம்