இன்ஸ்பெக்ஷன் வர்ற அன்னைக்கு வீட்ல ஒருத்தர் ஆஸ்பத்திரியில இருந்தா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல விவசாயப் பக்கத்துல இயற்கை விவசாய சர்டிபிகேட் வாங்குறது எப்படின்னு அப்பப்ப போடுறீங்க, நான் ரியூனியன் தீவுலருந்து போன்ல தவறாம படிக்கிறவ. பொறந்தது காரைக்கால், கல்யாணம் ஆகி இங்க சென்-ஆந்த்ரே பக்கம் வந்துட்டேன், எங்க வீட்டுக்காரரோட முன்னோருங்க கரும்புத் தோட்ட வேலைக்கு வந்த தமிழாளுங்க. எங்களுக்குக் கொஞ்சம் கரும்பு, விக்டோரியா அன்னாசி, கீரை, கூடவே முட்டைக்கோழி, இதுல கரும்பைத் தவிர மத்தது எல்லாம் ஆர்கானிக். நீங்க போடுற கட்டுரைங்கள்ல ஃபீஸ், என்னென்ன பேப்பர் வேணும், மண்ணு மாற எத்தன வருஷம், எல்லாம் வருது. வீட்ல ஒருத்தர் திடீர்னு ஆஸ்பத்திரியில படுத்துட்டா, அதே வாரம் இன்ஸ்பெக்டர் வந்து வாசல்ல நின்னா என்ன பண்றதுங்கிறது மட்டும் எதுலயும் வரல. அதுக்குத்தான் இந்தக் கடிதம்.

மொதல்லயே சொல்லிடுறேன், சொல்லாம வர்ற இன்ஸ்பெக்ஷனுக்கு நான் எதிரி இல்ல. ஆர்கானிக்னு போர்டு மாட்டிக்கிட்டு ராத்திரில மருந்தடிக்கிற ஆளுங்க எல்லா ஊர்லயும் இருக்காங்க, அவங்க மாட்டுனாத்தான் நம்ம முட்டைக்கு மதிப்பு. ரியூனியன் பிரான்சோட சேந்ததுங்கிறதால ஐரோப்பிய யூனியனோட ஆர்கானிக் சட்டம்தான் எங்களுக்கும், 2018/848னு நம்பர், 2022 ஜனவரிலருந்து நடைமுறையில இருக்கு. பொதுவா வருஷத்துக்கு ஒரு தடவையாவது சோதனை, மொத்த சோதனையில 10 சதவீதமாவது முன்கூட்டியே சொல்லாம நடக்கணும். வந்தா சும்மா சுத்திப் பாத்துட்டுப் போறது இல்லங்க. கோழிக் கொட்டாய்ல சதுர மீட்டருக்கு 6 கோழிக்கு மேல கூடாது, வெளிய மேய கோழிக்கு 4 சதுர மீட்டர் வேணும், உக்கார்ற கம்பு கோழிக்கு 18 சென்டிமீட்டர், டேப்பை எடுத்து அளப்பாங்க. அப்புறம் தீவன மூட்டையில தைச்சிருக்கிற சீட்டு, விதை பில்லு, தினசரி முட்டை நோட்டு. இத்தன மூட்டை தின்ன கோழி இத்தன முட்டை போட்டிருக்கு, இத்தன வித்திருக்கீங்க, கணக்கு இடிக்குதேன்னு கேப்பாங்க. கேக்கட்டும், அது அவங்க வேலை.

எங்க வீட்ல நடந்தது இது. ஒரு நாள் காலையில அத்தை, என் மாமியார், காபி டம்ளரைத் தூக்கப் போய் கை வரல, வாய் ஒரு பக்கமா இழுத்துக்கிச்சு. எங்க வீட்டுக்காரர் உடனே 15க்கு, இங்க அவசர மருத்துவ நம்பர் அது, போன் போட்டார். ஸ்ட்ரோக்னா அது ஆரம்பிச்சதுலருந்து நாலரை மணி நேரத்துக்குள்ள ரத்தக்கட்டியைக் கரைக்கிற ஊசி போட்டாகணும், காலையில ஆஸ்பத்திரி இருக்கிற சென்-தெனி போற ரோட்டுல டிராபிக் எப்படி இருக்கும்னு இங்க இருக்கிறவங்களுக்குத் தெரியும், ஆம்புலன்ஸ் வர்றதுக்குள்ள நான் கும்புடாத சாமி இல்ல. நல்லவேளை நேரத்துக்குப் போயிட்டாங்க. அவர் அம்மா கூடவே தங்கிட்டார், நான் காலையில கோழியைப் பாத்துட்டு மதியம் சாப்பாடு எடுத்துக்கிட்டுப் போவேன், சாயங்காலம் திரும்பி வந்து முட்டை பொறுக்குவேன், கோழிக்குத் தெரியுமா வீட்ல என்ன நடக்குதுன்னு, அது பாட்டுக்குப் போட்டுக்கிட்டே இருக்கும். (அத்தை இப்ப குச்சி வெச்சு நடக்குறாங்க, இடது கை மட்டும் இன்னும் சரியா வரல.)

அந்த வாரத்துலதான் சர்டிபிகேட் கம்பெனி அம்மா வந்தாங்க, சொல்லாம. நான் கொட்டாய்ல தண்ணித் தொட்டி கழுவிக்கிட்டு இருந்தேன். விஷயத்தைச் சொன்னேன், பாவம் அவங்களும் வருத்தப்பட்டாங்க, நல்ல மனுஷி. கொட்டாயைக் காட்டுனேன், அன்னாசித் தோட்டத்தைக் காட்டுனேன், மூட்டை சீட்டு ஒண்ணு விடாம தகரப் பெட்டியில போட்டு வெச்சிருக்கேன், அதையும் காட்டுனேன். கடைசியில ரிப்போர்ட்ல கையெழுத்துன்னு வந்தப்ப, நீங்க இந்தப் பண்ணைக்கு யாருன்னு கேட்டாங்க. வேலை பாக்குறவ நான்தான், ஆனா ரெக்கார்டுல பேர் எங்க வீட்டுக்காரரோடது மட்டும். அவர் சார்பா கையெழுத்து போடலாம்னு அவர் எழுதிக் குடுத்த பேப்பர் இருக்கான்னாங்க, இல்ல. அவருக்குப் போன் போட்டாங்க, வார்டுல போனை ஆஃப் பண்ணி வெச்சிருந்தார். அவ்வளவுதான், சோதனையை முடிக்க முடியல, பொறுப்பான ஆள் இல்லன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. அப்புறம் வந்த லெட்டர் அந்த அம்மா பேசுன மாதிரி இல்ல. விளக்கம் குடு, இல்லன்னா சர்டிபிகேட்டை நிறுத்தி வைப்போம்னு இருந்துச்சு. போன் போட்டுக் கேக்கலாம்னா தலைமை ஆபீஸ் பிரான்ஸ்ல, இங்க காலையில 9 மணின்னா அங்க குளிர்காலத்துல 6 மணி, எடுக்க ஆள் இருக்காது, அவங்க ஆபீஸ் தொறக்குற நேரம் நான் ஆஸ்பத்திரிக்குப் போற வழியில இருப்பேன்.

சர்டிபிகேட் போனா என்ன ஆகும்னு டவுன்ல இருக்கிறவங்களுக்குப் புரியாது. அடுத்த நாள் போடுற முட்டையில ஆர்கானிக் முத்திரை ஒட்ட முடியாது, விலை எறங்கிடும், தீவனம் மட்டும் அதே ஆர்கானிக் விலையில வாங்கித்தான் ஆகணும், ஏன்னா தீவனத்தை மாத்துனா மறுபடி மொதல்லருந்து ஆர்கானிக்கா மாறணும்.

இங்க புயல் அடிச்சா யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. 2024 ஜனவரியில பெலால், 2025 பிப்ரவரி கடைசியில காரான்ஸ், ரெண்டும் தீவையே புரட்டிப் போட்டுச்சு, ஊர் பூரா மரம் விழுந்து கெடக்குறப்ப உன் நோட்டு எங்கன்னு எந்த ஆபீசரும் வர மாட்டார். அது எல்லார் வீட்லயும் அடிக்கிற புயல். ஆஸ்பத்திரிங்கிறது ஒரு வீட்ல மட்டும் அடிக்கிறது, பக்கத்து வீட்டுக்கே தெரியாது, ஆபீசுக்கு எங்க தெரியப் போகுது. விவசாயிங்களுக்குக் குடுக்குற மானியத்துக்கான ஐரோப்பிய சட்டத்துலயும் தவிர்க்க முடியாத சூழ்நிலைன்னு ஒரு லிஸ்ட் இருக்கு, இயற்கைச் சீற்றம், கால்நடைக் கொள்ளை நோய், நிலத்தை அரசாங்கம் எடுத்துக்கிறது, விவசாயி சாவு, விவசாயியே ரொம்ப நாள் வேலை செய்ய முடியாமப் போறது. விவசாயியோட அம்மா படுத்துட்டா? லிஸ்ட்ல பேர் சொல்லி இல்ல. அந்த லிஸ்ட் முடிஞ்ச லிஸ்ட் இல்ல, மத்த காரணத்தையும் ஆபீஸ் நெனச்சா ஏத்துக்கலாம், ஆனா நெனைக்கணும், நாம எழுத்துல சொல்லணும், இங்க அதுக்கு 15 வேலை நாள்தான் டைம், அதுவும் நம்மால சொல்ல முடியுற நிலைமை வந்த நாள்லருந்து கணக்கு. சோதனையைத் தடுத்தா மானியம் கிடையாதுங்கிற விதியையும் படிச்சுப் பாருங்க, விவசாயியோ அவரோட பிரதிநிதியோ தடுத்தான்னுதான் இருக்கு. அப்ப பிரதிநிதின்னு ஒருத்தர் இருக்கலாம்னு சட்டத்துக்கே தெரிஞ்சிருக்கு, விவசாயி வீட்டுக்குத்தான் யாரும் சொல்லல.

ஏற்றுமதிப் பழத்துக்குக் கேக்குற குளோபல்கேப் முத்திரையோட விதிகள்ல இதுக்கு ஒரு வழி எழுதியே வெச்சிருக்காங்க, நம்ம ஊர்ல திராட்சை மாம்பழம் அனுப்புறவங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். திடீர் சோதனைன்னாலும் அதிகபட்சம் 48 மணி நேரம் முன்னாடி தகவல் குடுக்கலாம், மருத்துவக் காரணமோ வேற நியாயமான காரணமோ இருந்து அந்தத் தேதி முடியலன்னா இன்னொரு வாய்ப்பு உண்டு, நியாயமான காரணம் இல்லாம ரெண்டாவது தடவையும் தட்டிக் கழிச்சாத்தான் சஸ்பெண்ட். பாருங்க, மருத்துவக் காரணம்னு ஒரு வார்த்தை, அதுக்காக யாரும் ஏமாத்திட்டுப் போயிடல. இந்தியாவுல பிஜிஎஸ்னு, விவசாயிங்களே குழுவா சேந்து ஆர்கானிக் சர்டிபிகேட் வாங்குற முறையில அஞ்சு பேராவது சேந்த குழுவுல பக்கத்துத் தோட்டக்காரங்களே ஒருத்தரையொருத்தர் சோதிக்கிறாங்க, அவங்களுக்கு யார் வீட்ல என்னன்னு தெரியும், தேதியை மாத்துறது கஷ்டமா இருக்காது. ஆனா தெரிஞ்சவங்கன்னா தயவு தாட்சண்யமும் வந்துடும், அது தனி பேச்சு.

எங்களுக்கு ஒருவழியா முடிஞ்சது எப்படின்னா, ஆஸ்பத்திரி அட்மிஷன் கவுன்டர்ல ஒரு சீட்டு குடுப்பாங்க, இன்னார் இந்தத் தேதிலருந்து இங்க இருக்காங்கன்னு மட்டும் இருக்கும், என்ன வியாதின்னு இருக்காது. அதுதான் முக்கியம், ஏன்னா அத்தைக்கு என்ன வந்துச்சுன்னு முட்டை சோதிக்கிற கம்பெனிக்குச் சொல்லணும்னு ஒரு அவசியமும் இல்ல, அவர் மொதல்ல ஸ்கேன் ரிப்போர்ட்டையே அனுப்பப் பாத்தார், நான்தான் வேணாம்னேன். அந்த சீட்டு, கூடவே நாலு வரி லெட்டர், புதுத் தேதி குடுங்க நாங்க ரெடின்னு. ரிஜிஸ்தர் தபால்லயும் போட்டோம், மெயில்லயும் போட்டோம். போன்ல பேசுனதை அப்புறம் யாரும் ஞாபகம் வெச்சுக்க மாட்டாங்க, எழுத்துல இருந்தாத்தான் பேச்சு. ரெண்டாவது தடவை வேற ஒருத்தர் வந்தார், டேப்பை எடுத்தார், அளந்தார், போனார்.

இப்ப எங்க வீட்ல பிரிட்ஜ் பக்கத்துல ஒரு பைல் தொங்குது. அதுல மொதப் பேப்பர், நான் இல்லாதப்ப என் மனைவி சோதனையில என் சார்பா இருக்கலாம், ரெக்கார்டு காட்டலாம், கையெழுத்து போடலாம்னு அவர் எழுதி, ரெண்டு பேர் அடையாள அட்டை காப்பியும் வெச்சது. அதே மாதிரி கொழுந்தனார் பேர்லயும் ஒண்ணு, ஏன்னா 2025ல சிக்குன்குனியா வந்தப்ப நானும் அவரும் ஒரே நேரத்துல மூட்டு வீங்கிப் படுத்துக் கெடந்தோம். இந்தத் தீவுல 2005-06லயே மூணுல ஒரு பங்கு ஜனத்துக்கு மேல அது வந்துச்சாம், அத்தை கதை கதையா சொல்வாங்க. சர்டிபிகேட் கம்பெனிக்கும் ரெண்டாவது போன் நம்பர்னு என் நம்பரைக் குடுத்துட்டோம். மானியம் போடுற வெப்சைட் பாஸ்வேர்டு அவர் மண்டையில மட்டும் இருந்துச்சு, இப்ப என் நோட்லயும் இருக்கு. இதுக்கெல்லாம் காசு செலவே இல்ல.

பிரான்ஸ்ல விவசாயிக்குப் பதிலா வந்து வேலை பாக்குற ஆள் அனுப்புற சங்கம்னு ஒண்ணு இருக்கு, நல்ல ஏற்பாடு, ஆனா வந்தவர் தீவனம் போடுவார், நம்ம கணக்குக்குப் பதில் சொல்ல மாட்டார். வயசானவங்களைப் பாத்துக்கிறவங்களுக்கு 66 நாள் வரைக்கும் தினப்படி உண்டு, விவசாயிக்கும் உண்டு, ஆனா அவங்க தன் வேலையைத் தானா பாத்துக்க முடியாத நிலைன்னு முடிவானப்புறம்தான் கெடைக்கும், மொத வாரத்து அலைச்சலுக்கு ஆகாது. 2024ல டிராக்டரை ரோட்ல நிறுத்திப் போராட்டம் பண்ணதுக்கப்புறம் வருஷத்துக்கு ஒரே ஒரு அரசாங்க சோதனைன்னு அறிவிச்சாங்க, அதுவும் அரசாங்க அதிகாரிங்க வர்றதுக்குத்தான், சர்டிபிகேட் கம்பெனிக்கு இல்ல.

எனக்கு உறுத்துறது வேற ஒண்ணு. இங்க மனைவி பண்ணையில வேலை செஞ்சா அதுக்கு ஒரு அந்தஸ்து பதிவு பண்ணணும், கூட வேலை செய்யுற துணைன்னு ஒரு வகை, 2022லருந்து அதுலயும் 5 வருஷத்துக்கு மேல இருக்க முடியாது, அதுக்குள்ள சம்பளக்காரியாவோ பங்குதாராவோ மாறணும். பதிவு பண்ணாம காலம் பூரா தோட்டத்துல நிக்கிற பொம்பளைங்க எங்க பக்கத்துலயே இருக்காங்க. நம்ம காரைக்கால், நாகப்பட்டினம் பக்கமும் அதே கதைதான, பட்டா அவர் பேர்ல, குழு நோட்ல அவர் பேரு, நாத்து நடுறதும் களை எடுக்குறதும் மாட்டுக்குத் தண்ணி காட்டுறதும் அந்தம்மா. இன்ஸ்பெக்டர் கேள்விக்கு அவங்கதான் சரியா பதில் சொல்வாங்க, ஆனா கையெழுத்து செல்லாது. வீட்ல ஒருத்தர் படுத்தாத்தான் இது வெளிய தெரியுது.

அதனால ஆசிரியர் ஐயா, ரெண்டு வேண்டுகோள். உங்க விவசாயப் பக்கத்துல அந்த அதிகாரக் கடிதத்துக்கு ஒரு மாதிரி போடுங்க, பத்து வரி போதும், வெட்டி வெச்சுக்கிறவங்க வெட்டி வெச்சுக்கட்டும். பிஜிஎஸ் குழுவுல இருக்கிற வாசகர்கள், இப்படி ஒரு வீட்ல ஆஸ்பத்திரின்னு வந்தப்ப உங்க குழு என்ன பண்ணுச்சுன்னு எழுதுங்க, எனக்கு நெஜமாவே தெரிஞ்சுக்கணும். தயவுசெஞ்சு இந்தக் கடிதத்தை மகளிர் பக்கத்துல போட்டுறாதீங்க, பட்டா யார் பேர்ல இருக்கோ அவங்க அந்தப் பக்கத்தைத் தொறக்க மாட்டாங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
சென்-ஆந்த்ரே, ரியூனியன்