பஹணி என்னும் நில உரிமைப் பதிவேட்டின் 11ஆம் கலத்திலிருந்து எங்கள் நிலத்தை விடுவியுங்கள்

கர்நாடக வருவாய்த் துறைக்கும் தொழிற்பகுதி வளர்ச்சி வாரியத்துக்கும் வணக்கம்.

பெங்களூரு–மைசூரு தனியார் விரைவுச்சாலைத் திட்டத்தின் வரலாறு உங்களுக்குத் தெரியும். 1997 ஏப்ரல் ஒப்பந்தம், 111 கி.மீ. சாலை, ஐந்து டவுன்ஷிப்புகள், 20,193 ஏக்கர், 2006 உச்ச நீதிமன்றத் தீர்ப்பு எல்லாம் உங்கள் கோப்புகளில்தான் இருக்கின்றன. ஓசூர் சாலையையும் துமகூரு சாலையையும் இணைக்கும் சுற்றுச்சாலையில் சுங்கம் வசூலாகிறது. மைசூருக்குத்தான் சாலை போய்ச் சேரவில்லை. இழப்பீட்டுத் தீர்வமும் (தொகையை முடிவுசெய்யும் ஆணையும்) வராமல், சாலையும் வராமல் கிடக்கும் சர்வே நம்பர்களை விடுவியுங்கள் என்பதே எங்கள் கோரிக்கை.

ஒரு பஹணியை எடுத்துப் பாருங்கள். 9ஆம் கலத்தில் விவசாயியின் பெயர் இருக்கும். 11ஆம் கலத்தில் வாரியத்தின் பெயரும், கர்நாடகத் தொழிற்பகுதி வளர்ச்சிச் சட்டத்தின் 28(1) பிரிவு அறிவிக்கையும் ஏறியிருக்கும். கடன் கேட்டுப் போனால் வங்கியில் முதலில் பார்ப்பது அந்த 11ஆம் கலத்தைத்தான். ராமநகரப் பக்கம் இரண்டு ஏக்கரில் மல்பெரி போட்டவருக்குச் சொட்டுநீர்க் குழாய் பதிக்கவோ பட்டுப்புழு வளர்க்கக் கொட்டகை கட்டவோ கடன் கிடைப்பதில்லை. பெண் கல்யாணத்துக்குப் பத்து குண்டே (கால் ஏக்கர்) விற்கலாம் என்றால் வாங்க ஆள் வருவதில்லை. நிலம் போகவும் இல்லை, கைக்கு உதவவும் இல்லை.

அந்தச் சட்டத்திலேயே ஓட்டை இருக்கிறது. 28(1)இல் முதல் அறிவிக்கை, 28(3)இல் ஆட்சேப விசாரணை, 28(4)இல் இறுதி அறிவிக்கை. அது வெளியானதுமே 28(5)படி நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடுகிறது. ஆனால் இழப்பீட்டை எத்தனை நாளுக்குள் தீர்மானிக்க வேண்டும் என்று கெடு இல்லை. 1894ஆம் ஆண்டு நிலம் கையகப்படுத்தும் சட்டத்திலேயே 1984 திருத்தத்துக்குப் பின் இரண்டாண்டுக் கெடு இருந்தது. கெடு இல்லாததால் கோப்பு தூங்குகிறது, விலையோ முதல் அறிவிக்கை நாளிலேயே நின்றுவிடுகிறது. இதே திட்டத்தில் 2003இல் அறிவிக்கை வந்த நிலத்துக்கு 2019 ஏப்ரல் 22ஆம் தேதிச் சந்தை விலையைக் கணக்கிடும்படி 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. அந்த நியாயம் கிடைக்க உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. ஒவ்வொரு குடியானவனும் டெல்லிக்குப் போக முடியுமா?

2023 மார்ச்சில் மண்டியா வழியாக ஆறுவழி நெடுஞ்சாலையை அரசே திறந்துவிட்டது. மைசூருக்குப் போக வழி வந்துவிட்ட பிறகும் இந்த நிலங்களை எதற்காகக் கட்டிவைத்திருக்கிறீர்கள்? ஆட்சிகள் மாறின, குழுக்கள் அமைந்தன, 2016இல் சட்டமன்றக் குழுவும் அறிக்கை கொடுத்தது. 11ஆம் கலம் மட்டும் மாறவில்லை.

கோபத்தில் சொல் தடித்திருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கிராமவாரியாக சர்வே நம்பர் பட்டியலைத் தாலுகா அலுவலகத்தில் ஒட்டுங்கள்: நிலம் எடுத்தாயிற்றா, தீர்வம் வந்ததா, சாலை இருக்கிறதா என்று. சாலை போட்ட இடத்துக்கு இன்றைய விலையைக் கொடுங்கள். மற்றவற்றை முறைப்படி விடுவித்து, 11ஆம் கலத்தில் உள்ள அந்தப் பதிவை நீக்கித் தருமாறு பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.