பெரியத்தை செவ்வாய்க்கிழமை வருகிறாள்

அன்புள்ள தம்பிக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நானும் அம்மாவும் நலம். மருமகளும் குழந்தையும் எப்படி இருக்கிறார்கள்? போனில் பேசினால் கொஞ்ச நேரத்திலேயே நம் இரண்டு பேருக்கும் குரல் ஏறிவிடுகிறது, அம்மா போனைப் பிடுங்கிக்கொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். முழுசாகப் படி.

மாங்காய் இந்த வருஷம் காய்ப்பு குறைவு. கிணற்று மோட்டார் காயில் போயிருந்தது, கட்டியாயிற்று. வேறு விசேஷம் ஒன்றும் இல்லை.

பெரியத்தையைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். கழுத்து இப்போது திரும்புவதே இல்லை. பக்கத்தில் யாராவது கூப்பிட்டால் முழு உடம்போடு திரும்பிப் பார்க்கிறாள். தருமபுரி ஆஸ்பத்திரிக்குப் போனாயா அக்கா என்று கேட்டேன். போன வாரம் கிளம்பி ஸ்டாப்பில் நின்றாளாம். வண்டி நிற்காமல் போய்விட்டதாம். வெயில் ஏறிவிட்டது என்று வீட்டுக்குத் திரும்பிவிட்டாளாம். எந்த வண்டி என்று கேட்டேன். "கண்ணு தெரியலடா, ஏதோ ஒரு வண்டி" என்றாள். அவளுக்குக் கண் ஆபரேஷன் ஆகி நன்றாகத் தெரிகிறது என்று உனக்கும் தெரியும். அந்த நேரத்துக்கு அந்த ஊர் வழியாக எந்த வண்டி போகும் என்று எனக்கும் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. நீயும் இதற்குப் பதில் சொல்ல வேண்டாம். பொதுவாகச் சில விஷயம் உன்னிடம் சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அவ்வளவுதான்.

நீ கணக்கில் சுத்தம் என்று டிப்போவில் நாலு பேர் என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். கண்டக்டர் பையை மாட்டிக்கொண்டு முதல் நாள் டூட்டிக்குக் கிளம்பியபோது அம்மா உனக்கு திருஷ்டி சுற்றிப் போட்டாள். நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்றைக்கு எனக்கு இருந்த சந்தோஷம் என் ரிடையர்மென்ட் அன்றைக்குக்கூட இல்லை.

ஆனால் கணக்கு மட்டும் வேலை இல்லை தம்பி. டிரைவர் நிறுத்தவில்லை, நான் என்ன செய்வது என்று கண்டக்டர்கள் சொல்வதை நான் நிறையக் கேட்டிருக்கிறேன். விசில் யார் வாயில் இருக்கிறது? ஒரு விசில் ஊதினால் வண்டி நின்றாக வேண்டும். நீ ஊதி அவர் நிற்காவிட்டால் அது வேறு பேச்சு. ஊதாமல் இருந்துவிட்டு டிரைவரைச் சொல்லக் கூடாது.

வயசான பெண்கள் மட்டும் நிற்கும் ஸ்டாப் என்றால் சிலருக்கு இளக்காரம். ஏற்றினால் கலெக்‌ஷன் ஏறாது, நேரம்தான் போகும் என்று நினைப்பு. 2021 மே 8-ம் தேதியிலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. அந்தப் பணத்தை அரசாங்கம் ஈடு செய்கிறது. அவர்களுக்கும் டிக்கெட் கொடுத்துத்தான் நீ கணக்கு காட்டுகிறாய். அப்புறம் யார் இங்கே ஓசியில் போகிறார்கள்? அந்த வார்த்தை உன் வண்டியில் யார் வாயிலிருந்து வந்தாலும் கண்டித்துச் சொல். உன் வாயிலிருந்து வராது என்று நம்புகிறேன்.

மெதுவாக ஏறுகிறார்கள் என்று கோபப்படுகிறாயே, அவர்கள் ஏன் மெதுவாக ஏறுகிறார்கள் என்று யோசித்திருக்கிறாயா? தருமபுரி, கிருஷ்ணகிரி ஜனங்களின் எலும்பு வேறு. போர்வெல் தண்ணீரில் இருந்த ஃப்ளோரைடை ஆயுசு முழுக்கக் குடித்தவர்கள். லிட்டருக்கு ஒன்றரை மில்லிகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று முகாமுக்கு வந்த டாக்டர் சொன்னார். அதற்கு மேலான தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்தால் முதலில் பல்லில் கறை, அப்புறம் மூட்டுப் பிடிப்பு, அப்புறம் முதுகெலும்பே ஒரே கட்டையாக இறுகிவிடுமாம். தோளும் இறுகிவிட்டால் கையை மேலே தூக்க முடியாது. தூக்க முடியாதவர்கள் வண்டியில் மேல் கம்பியை எப்படிப் பிடிப்பார்கள்? நிற்கச் சொன்னால் விழத்தான் செய்வார்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் 2013-ல்தான் ஓட ஆரம்பித்தது. அது உன் பிள்ளைக்கு உதவும். அத்தையின் எலும்புக்கு அது ரொம்பப் பிந்தி வந்தது. அறுபது வயசு ஆனால்தான் மூத்த குடிமக்கள் என்று 2007-ல் போட்ட சட்டம் சொல்கிறது. இந்த ஜில்லாவில் ஐம்பதிலேயே உட்கார்ந்து எழ முடியாதவர்கள் இருக்கிறார்கள். முடி கறுப்பாக இருக்கிறதே என்று பார்க்காதே, காலைப் பார். படியில் எந்தக் காலை முதலில் வைக்கிறார்கள், கை எதைத் தேடுகிறது என்று பார்த்தால் உனக்கே தெரிந்துவிடும்.

மாத்திரை வீட்டுக்கே வருகிறதே, ஏன் ஆஸ்பத்திரிக்கு அலைகிறார்கள் என்று நீ ஒரு முறை கேட்டாய். மக்களைத் தேடி மருத்துவம் நம் பக்கம், சூளகிரிகிட்ட சாமனப்பள்ளியில்தான் 2021 ஆகஸ்டில் தொடங்கினார்கள். நல்ல காரியம். சர்க்கரை மாத்திரை வருகிறது, பிரஷர் மாத்திரை வருகிறது. எக்ஸ்ரே மெஷின் வராதே. அதற்கு உன் வண்டியில்தான் ஏற வேண்டும்.

சரி, நான் கண்டக்டராக இருந்தபோது செய்ததைச் சொல்கிறேன். முடிந்ததை எடுத்துக்கொள். ஸ்டாப்பில் கொஞ்சம் மேடான இடமாகப் பார்த்து, ஓரம் அணைத்து நிறுத்தச் சொல்வேன். அப்படி நிறுத்தினால் முதல் படியின் உயரம் பாதி குறைந்துவிடும். பள்ளத்தில் நிறுத்தினால் அந்தப் படி அவர்களுக்கு இடுப்புக்கு வரும். இது டிரைவரிடம் பழக்கமாகப் பேசி வைத்துக்கொள்ள வேண்டிய விஷயம், டீ குடிக்கும்போது சொன்னால் கேட்பார்கள். ஏறினவர் உட்கார்ந்த பிறகுதான் இரண்டு விசில். இதில் அவசரப்படவே படாதே. கிளம்பும்போது வரும் அந்தக் குலுக்கலில்தான் பாதிப் பேர் விழுகிறார்கள். பின் சக்கரத்துக்குப் பின்னால் இருக்கிற சீட்டில் அவர்களை உட்கார வைக்காதே. வேகத்தடையில் தூக்கிப் போட்டால் முதுகு போய்விடும். நடு வண்டிதான் நல்லது.

இடம் வாங்கித் தருவதிலும் ஒரு முறை இருக்கிறது. "பெரியவருக்கு இடம் கொடுங்கப்பா" என்று கத்தினால் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள், எல்லோரும் ஜன்னலைப் பார்ப்பார்கள். அந்தப் பெரியவருக்கும் முகம் சுருங்கிவிடும். ஒரே ஒரு ஆளின் தோளைத் தொட்டு "தம்பி, கொஞ்சம் எழுந்திரு" என்று கேள். எழுந்துவிடுவான். நான் கேட்டு எழுந்திருக்காதவன் ரொம்பக் குறைவு. இந்தக் காலத்துப் பசங்களுக்கு மரியாதை இல்லை என்று ஊரில் பேசுகிறார்கள், நான் அதை ஒப்புக்கொள்ள மாட்டேன். காதில் மாட்டியிருப்பதால் அவர்களுக்கு எதுவும் கேட்பதில்லை, தொட்டுச் சொன்னால் செய்கிறார்கள். பெண் பிள்ளைகளிடம் மட்டும் பார்த்துக் கேள். உடம்புக்கு என்னவோ என்று நமக்குத் தெரியாது.

மீதிச் சில்லறையை உடனே கொடுத்துவிடு. பாக்கி இருந்தால் வயசானவர்களுக்கு மனசு நிற்காது. மறந்துவிடுவோமோ என்று ஸ்டாப் வருவதற்கு முன்பே எழுந்து உன்னைத் தேடி வருவார்கள், வண்டி ஓடிக்கொண்டிருக்கும்போதே.

உனக்கும் கஷ்டம் இருக்கிறது, எனக்குத் தெரியாதா? நேரத்துக்குப் போகாவிட்டால் டைம் கீப்பர் கேட்கிறார், கூட்டத்தில் நெரிந்துகொண்டு டிக்கெட் போட வேண்டும், சாப்பாட்டுக்கு நேரம் இல்லை, முழு நாளும் நின்றுகொண்டே வேலை. அம்மா உன் கால் வீக்கத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறாள். அதை டாக்டரிடம் காட்டு. ஆனால் ஒரு ஸ்டாப்பில் ஒரு நிமிஷம் நின்றால் எந்த வண்டியும் கெட்டுப்போகாது. அந்த ஒரு நிமிஷத்தைத் தொப்பூர் கணவாய் மலைப்பாதையில் ஓட்டுகிற டிரைவர்களே கொடுக்கும்போது டவுன் பஸ்ஸில் கொடுக்க முடியாதா?

வளையல் விஷயத்தை நான் இங்கே இழுக்கவில்லை. அத்தை அன்றைக்குப் பேசியது அதிகம்தான், நானே அவளிடம் சொல்லியிருக்கிறேன். மருமகள் மனசு நொந்ததும் நியாயம். அதெல்லாம் வீட்டுக்குள் பேச வேண்டியது. ஸ்டாப்பில் நிற்கும்போது அவள் உனக்கு அத்தை இல்லை, பாசஞ்சர். பாசஞ்சரைப் பார்த்த பிறகு நிற்காமல் போகக் கூடாது. நீ போனாய் என்று நான் சொல்லவில்லை. அவளும் சொல்லவில்லை. நீ படிக்கிற காலத்தில் எந்த வீட்டுக் களி சாப்பிட்டு ஸ்கூலுக்குப் போனாய் என்று உனக்கு நான் சொல்லவும் வேண்டியதில்லை.

நிறுத்து தம்பி. யாராக இருந்தாலும் நிறுத்து. காலி ஸ்டாப் போலத் தெரிந்தாலும் மரத்தடியில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று எட்டிப் பார். அவர்களால் வண்டியைக் கண்டதும் எழுந்து ஓடிவர முடியாது, கை காட்டுவதற்குள் நீ கடந்துவிடுவாய்.

வரும் செவ்வாய்க்கிழமை காலை அத்தையை நானே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வருகிறேன். திங்கட்கிழமையே அவள் ஊருக்குப் போய்த் தங்கிக்கொள்வேன். அன்றைக்கு அந்த டூட்டி உனக்கு என்றால் சொல், முன் வாசல் பக்கம் நிற்கிறோம். உனக்கு இல்லை என்றால் யாருக்கோ அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவை. அம்மா நிப்பட்டு சுட்டு வைத்திருக்கிறாள், குழந்தைக்குக் காரம் இல்லாமல் தனியாக. டைம் கீப்பர் ரூமில் கொடுத்துவிட்டுப் போகட்டுமா, நீயே வந்து வாங்கிக்கொள்கிறாயா? ஞாயிற்றுக்கிழமைக்குள் அம்மாவுக்கு போன் போட்டுச் சொல்.

இப்படிக்கு,
அப்பா