கச்சத்தீவைப் பேசுகிறார்கள், கரைக்கடலைப் பேசுவதில்லை

ஆசிரியருக்கு வணக்கம்.

மக்களையும் அரசையும் சேர்த்து வைப்பவை கட்சிகள்தான் என்று சென்ற இதழில் எழுதியிருந்தீர்கள். பாதி உண்மை. மகனுக்குக் கல்யாணமாகி ரேஷன் கார்டைப் பிரித்த வருடம், கடலுக்குப் போகக் கூடாத மீன்பிடித் தடைக்காலத்துக்கு அரசு தரும் நிவாரணப் பட்டியலில் அவன் பெயர் விட்டுப்போனது. மீனவர் சங்கத்தில் கேட்டால் மீன்வளத்துறை ஆபீசுக்குப் போ என்றார்கள், ஆபீசில் சங்கத்துக்கே போ என்றார்கள். கடைசியில் எங்கள் பகுதி கட்சிக் கிளைச் செயலாளர் அவனைப் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் வந்தார். ஒரே வாரத்தில் பணம் ஏறிவிட்டது. அடுத்த மாதம் பொதுக்கூட்டத்துக்கு வேன் ஏறச் சொன்னார், ஏறினோம். அதில் எனக்கு வருத்தமில்லை. நிவாரணம் 5,000 ரூபாயிலிருந்து 8,000 ஆகும் என்று 2023இல் மண்டபம் ஊரில் முதலமைச்சர் அறிவித்ததும் மீனவர்கள் பல வருடம் கேட்டுக்கொண்டே இருந்ததால்தான்.

ஆனால் ஆளுக்கு ஆள் காரியம் முடித்துத் தருவது வேறு, ஊர்ப் பிரச்சினையை எடுத்துப் பேசுவது வேறு.

பாம்பனில் நாட்டுப்படகு வைத்திருப்பவன் நான். எங்கள் கடலில் தரப்பு இரண்டு: நாங்கள் ஒன்று, பெரிய இன்ஜின் வைத்த விசைப்படகுக்காரர்கள் ஒன்று. 1983ஆம் வருட மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டப்படி, கரையிலிருந்து மூன்று கடல் மைலுக்குள் விசைப்படகு, கடலடியை வாரிக்கொண்டு வரும் இழுவலையைப் போடக்கூடாது. இரண்டு படகு சேர்ந்து ஒரே வலையை இழுக்கும் இரட்டைமடிக்கும் தடை இருக்கிறது. வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, மற்ற நாள் நாட்டுப்படகு என்று வடகடலில், அதாவது பாக் விரிகுடாவில், பழைய ஏற்பாடும் உண்டு. இது எதுவும் சரியாக நடப்பதில்லை. எங்கள் வலையை அறுத்துக்கொண்டு போவதும் குஞ்சு மீனை வாரிக்கொண்டு போவதும் நின்றபாடில்லை. விசைப்படகில் கூலிக்குப் போகிறவனும் எங்கள் சொந்தக்காரன்தான், அவனுக்கும் பிழைப்பு வேண்டும். டீசல் விற்கிற விலையில் முதலாளியும் திணறுகிறார், அதையும் சொல்லிவிட வேண்டும்.

இந்த இரண்டு பேரையும் ஒரே அறையில் உட்கார வைத்துப் பேச வேண்டியது யார்? கட்சிதானே? ஆனால் எந்தக் கட்சியை எடுத்தாலும் இரண்டு பக்கமும் அதற்கு ஆள் இருக்கிறது. ஒரு பக்கம் வாய் திறந்தால் மறுபக்க ஓட்டு போய்விடும். அதனால் மேடைக்கு மேடை இலங்கையோடு போட்ட 1974 ஒப்பந்தம், 1976 ஒப்பந்தம், கச்சத்தீவு என்றே பேச்சு. இலங்கைக் கடற்படை பிடித்துக்கொண்டு போகும் பிள்ளைகளுக்காகப் பேசத்தான் வேண்டும், அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அதைப் பேசினால் இங்கே யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள் என்ற சௌகரியமும் சேர்ந்தே இருக்கிறது.

உள்ளூரில் கேட்கலாம் என்றால் அதற்கும் வழி அடைபடுகிறது. 2016இல் பதவிக்காலம் முடிந்த ஊராட்சிகளுக்கு 2019 டிசம்பரில்தான் தேர்தல் வந்தது. அந்த ஐந்து வருடமும் 2025 ஜனவரியில் முடிந்து, தேர்ந்தெடுத்த தலைவருக்குப் பதில் மறுபடி அரசு நியமித்த தனி அலுவலர் வந்தார். தனி அலுவலரிடம் போய் ஓட்டுப் போட மாட்டேன் என்று நான் எப்படி மிரட்டுவது?

போன தேர்தலில் ஓட்டுக் கேட்டு வந்த ஒரு வேட்பாளரிடம் இந்த மூன்று மைல் விஷயத்தைக் கேட்டேன். “அண்ணே, அதை ரெண்டு சங்கமும் பேசி முடிச்சுக்குங்க” என்றார். பேசி முடியாததால்தானே உங்களிடம் கேட்கிறேன் என்றேன். அதற்குள் வேன் அடுத்த தெருவுக்குத் திரும்பிவிட்டது.

நாட்டுப்படகு மீனவர் ஒருவர்,
பாம்பன்